வாரில் தைத்த பச்சைக்கல்

ஆய்வுக்கூடத்தில் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தபத்து மேடம் திடீரென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அதுவரை கல் அவர் விரல்களுக்கு நடுவில்தான் இருந்தது. இப்போது இடுக்கியால் பிடித்து மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார். பிறகு அலமாரியைத் திறந்து, செங்கல் அளவில் ஒரு மஞ்சள் கருவியை எடுத்துவந்தார். அதைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும், காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல் அது பொரியத் தொடங்கியது.

கல்லைக் கொண்டுவந்த இசுரு எட்டிப் பார்த்தான். என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியாது. நல்ல சத்தமில்லை என்று மட்டும் தெரிந்தது.

"இது சிர்கான் இல்ல. ஏக்கனைட்" என்றார் மேடம்.

பெயரை அவன் கேட்டிருக்கிறான். எஹலியகொடவில் கல் தரகு செய்கிறவன் எவனும் கேட்டிருப்பான். அந்தப் பக்கத்துக் கல் எடுக்கும் குழிகளிலிருந்துதான் அந்தக் கல் முதன்முதலில் உலகத்துக்குப் போனது. ஆனால் கையில் வைத்துப் பார்த்தவன் ஒருவனையும் அவன் கண்டதில்லை. இப்போது தானே அந்த ஒருவன்.

கருவியை அணைக்காமலே மேடம் விளக்கினார். கல்லின் உள்ளே தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் இருக்கின்றன. அவை விடும் கதிர் கோடிக்கணக்கான வருடங்களாகக் கல்லின் உள்கட்டை அடித்து உடைத்துக்கொண்டே வந்திருக்கிறது. வெளியே பார்த்தால் பாசி படிந்த குளத்தண்ணீரைப் போல அழகான பச்சை. உள்ளே ஒழுங்கு என்று எதுவும் மிச்சமில்லை. கண்ணாடியைப் போல ஆகிவிட்டது.

"தன்னைத்தானே நொறுக்கிக்கிட்ட கல்லு" என்றார்.

"இன்னும் நொறுக்குதா மேடம்?"

"இப்பவும்தான். அதோ கேக்குதே."

அவர் ஏதோ எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே கேட்டார்: "எங்க வச்சிருந்தீங்க இதை?"

"அலமாரியில" என்றான் இசுரு.

யோசித்துச் சொல்லவில்லை. கல்லை எங்கே வைத்திருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஒரு தரகன் வாயில் உண்மை வராது. போலீஸ் கேட்டாலும், பிக்கு கேட்டாலும், பெற்ற தாய் கேட்டாலும் வராது. கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதைப் போல அந்தப் பொய் தானாகவே வந்துவிடும்.

"அலமாரின்னா பரவாயில்ல" என்றார் மேடம். "படுக்கிற எடத்துல வேணாம். உடம்புல போட்டுக்கவே வேணாம். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கா?"

"இல்ல மேடம்."

அது பொய்யில்லை. இன்னும் பிறக்கவில்லை.

அவர் தலையாட்டிவிட்டு எழுத்தில் மூழ்கிவிட்டார். இசுருவுக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னாலிருந்து அந்தக் கல் அவன் மனைவி நிசன்சலாவின் இடுப்பில் இருந்தது. இன்று காலையில்தான் அவிழ்த்து வாங்கி வந்தான். அவள் இப்போது ஏழு மாதம்.

அவனும் லயனல் அண்ணனும் கூட்டுச் சேர்ந்து வாங்கிய கல் அது. வயல் குழியில் வேலை செய்த ஒருவன் வெற்றிலைக்குள் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். நீலக்கல் வாங்க இருவரிடமும் முதல் இல்லை. அதனால் மற்றவர்கள் ஒதுக்கும் கல்லையெல்லாம் இசுரு வாங்குவான். பல காலம் வேறு கல் என்று நினைத்து விற்கப்பட்ட தேன்நிறச் சிங்களைட், ஒரு பக்கம் பார்த்தால் பச்சையும் இன்னொரு பக்கம் பார்த்தால் பழுப்புமாகத் தெரியும் கோர்னரூபின், ஸ்பினல் குவியலுக்குள் ஒளிந்து கிடக்கும் வெளிறிய ஊதா டாஃபைட். யாரும் பெயர் கேட்காத கற்கள். அவற்றின் மேல் அவனுக்கு ஒரு பிரியம். கல்லூரியில் படித்தவன் என்பதால் கல் விற்கும் தெருவில் அவனுக்கு 'புரொஃபசர்' என்று கேலிப்பெயர். இந்தப் பச்சையைப் பட்டை போடாமல் குமிழாகத் தேய்த்தபோது விளக்கொளியில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. பூனைக்கண் சிர்கான் என்று இருவரும் துள்ளினார்கள். சிர்கானுக்கு இது கனம் பற்றாதே என்று உள்ளங்கை சொன்னது. இசுரு அதை வெளியே சொல்லவில்லை.

தெருவில் இரண்டு பேருக்குத்தான் காட்டினார்கள். அதற்குமேல் காட்டக் கூடாது. பத்துப் பேர் பார்த்த கல்லை எஹலியகொடவில் வாங்க ஆள் கிடையாது. ஏதோ குறை இருப்பதால்தான் சுற்றுகிறது என்பார்கள். ஆகவே நல்ல ஆள் வரும்வரை கல்லை மறைத்து வைக்க வேண்டும். வீட்டில் வைத்தால் திருடன் முதலில் தேடுவது அலமாரியைத்தான். எல்லாத் தரகர் வீட்டிலும் செய்வதைத்தான் அவனும் செய்தான். நிசன்சலா தடித்த துணியில் ஒரு வார் தைத்து, இடப்பக்கம் சின்னப் பை வைத்து, பாவாடைக்குள் கட்டிக்கொண்டாள். வயிறு பெருக்கப் பெருக்க வாரை நெகிழ்த்திக் கட்டினாள். குளிக்கும்போது மட்டும் கழற்றுவாள். தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்த மருத்துவச்சி, அவன் கையைப் பிடித்து நிசன்சலாவின் வயிற்றின் மேல் வைத்துக் காட்டினாள். கால் கீழே இருக்கிறது, இன்னும் திரும்பவில்லை, திரும்ப நேரமிருக்கிறது. இதோ உருண்டையாக, இடப்பக்கம் மேலே, இதுதான் தலை.

இடப்பக்கம்.

கல்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் படிகளில் இறங்கினான்.

எதிர்த் தேநீர்க் கடையில் லயனல் அண்ணன் காத்திருந்தார். ஆய்வுச் சான்றிதழ் இருந்தால் வாங்குகிறேன் என்ற ஆளைப் பிடித்தவர் அவர்தான். இசுரு கல்லின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. வெளிநாட்டில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். நீலத்தையும் சிவப்பையும் திரும்பிப் பார்க்காமல், உலகத்தில் கொஞ்சமாகக் கிடைப்பதை மட்டும் பெட்டி பெட்டியாகச் சேர்க்கிறவர்கள். பேசிக்கொண்டே வந்தவர், கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் தேநீர்க் கோப்பையோடு பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்தார்.

"மல்லி, என் தம்பில்ல, கோவிச்சுக்காத. நீ கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லு. எனக்கு ஏற்கெனவே முடி கொட்டுது."

இசுரு சிரிக்கவில்லை. லயனல் அவனை உற்றுப் பார்த்தார். மெல்ல மெல்ல அவருக்குப் புரிந்தது. கோப்பையைக் கீழே வைத்தார்.

"நங்கி..." என்று தங்கை முறையில் நிசன்சலாவைச் சொல்லத் தொடங்கியவர் முடிக்கவில்லை. "மேடம்கிட்ட சொன்னியா?" என்றார்.

"அலமாரின்னு சொல்லிட்டேன்."

"நானும் அதைத்தான்டா சொல்லியிருப்பேன்."

திரும்பப் போய்க் கேள் என்று அவர் சொன்னார். கூட வருகிறேன் என்றும் சொன்னார். இசுரு தெருவைத் தாண்டி அந்தப் படியைப் பார்த்தான். போய்க் கேட்டால் பதில் வந்துவிடும். பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தான்.

கல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் போட்டால் நெஞ்சு. காற்சட்டைப் பையில் போட்டால் அதுவும் சரியில்லை. மடித்த காகிதத்தின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், செத்த எலியைப் பிடித்திருப்பவனைப் போல. வழியில் குருவிட்டையில் ஒரு கர்ப்பிணி ஏறி அவனுக்கு முன் இருக்கையில் அமர்ந்தாள். இசுரு துள்ளி எழுந்து பின்னால் போய்ப் படியில் நின்றான். மழைச் சாரல் முழுவதும் அவன் மேல்.

"உள்ள எடம் இருக்கே, ஏன் நனையிற? வீட்ல தண்ணி வரலியா?" என்றார் நடத்துநர்.

ஊர் வரும்வரை அப்படியே நின்றான்.

வீட்டுக்குள் கல்லைக் கொண்டுபோகவில்லை. கிணற்றுக்கு அப்பால் ரம்புட்டான் மரத்தடியில் ஒரு பழைய பெயின்ட் டின் கிடந்தது. காகிதத்தை அதில் போட்டு மூடியை அழுத்தினான். நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் நிசன்சலா நின்றுகொண்டிருந்தாள். கையில் தேங்காய் துருவிய ஈரம்.

"கல்லையா அதுல போட்ட? குரங்கு தூக்கிட்டுப் போனா லயனல் அண்ணன் உன்னைத் தூக்கிருவாரு." சொல்லிக்கொண்டே அவள் முற்றத்தில் இறங்கினாள்.

"வராத. அங்கேயே நில்லு."

அந்தக் குரலை அவளும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. அவள் நின்றாள்.

கிணற்றுக்கு இந்தப் பக்கம் வந்து, எல்லாவற்றையும் சொன்னான். மறைத்துச் சொல்லலாம் என்று பேருந்தில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. அவள் கத்தவில்லை, அழவில்லை. பாவாடைக்குள் கைவிட்டு வாரை அவிழ்த்தாள். வெறும் வார்தான். பழக்கத்தில் மறுபடி கட்டியிருந்தாள். கை நீட்டித் தள்ளிப் பிடித்து, கொடியில் போட்டாள். மழை அதை நனைத்தது.

"தலையும் இடப்பக்கந்தானே" என்றாள்.

அது அவளுக்கு நினைவு வராமல் இருக்க வேண்டும் என்று அவன் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஏன் அலமாரின்னு சொன்ன?"

"வாயில வந்துருச்சு."

"வீடு பத்தி எரிஞ்சு, பிள்ளை எங்கன்னு ஒருத்தன் கேட்டாலும் அலமாரியிலன்னு சொல்லுவியா?"

அவள் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் விரித்து வைத்துக்கொண்டாள். என்ன செய்கிறாள் என்று அவனுக்குப் புரிய நேரமானது. பிள்ளை அசைகிறதா என்று பார்க்கிறாள்.

அசையவில்லை.

மதியத்திலிருந்து அசைந்ததாக நினைவில்லை என்றாள். காலையில் அசைந்ததா என்று கேட்டான். காலையில் கவனிக்கவில்லை என்றாள். சீனி கரைத்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தாள். திண்ணையில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். அவன் எதிரே குந்தியிருந்து அவள் முகத்தையே பார்த்தான். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து வாடை வந்தது. இருவரும் எழவில்லை. வாடை புகையாகி, புகை முற்றம்வரை வந்த பிறகு அவன் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினான். திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். அவன் அவள் பெயரைக் கூப்பிட்டான்.

"ம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "உதைக்குது."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். பயம் போகவில்லை. உதைக்கிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று யார் சொன்னது? கல்லும் வெளியே அழகாகத்தானே இருந்தது?

மறுநாள் காலையில் அவன் எழுவதற்கு முன்பே அவள் புடவை கட்டித் தயாராக இருந்தாள். நீ வர வேண்டாம், நான் போய்க் கேட்டு வருகிறேன் என்றான். உன் வாயை நம்பி அனுப்ப மாட்டேன் என்றாள்.

பேருந்தில் அவள் முன்னால், கர்ப்பிணிகளுக்கான இருக்கையில். அவன் கடைசி வரிசையில், மடியில் பெயின்ட் டின். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாளா அவனைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

அத்தபத்து மேடம் முதலில் நிசன்சலாவின் வயிற்றைப் பார்த்தார், பிறகு அவனை.

"அலமாரி" என்றார் மேடம்.

அவன் தலைகுனிந்தான்.

"என் புத்திக்கு இது எட்டியிருக்கணும். இந்த ஊர்ல கல்லு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" அவர் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. டின்னை வாங்கி உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மஞ்சள் கருவியோடு வந்தார்.

நிசன்சலாவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கருவியை அவள் வயிற்றின் இடப்பக்கம் வைத்தார். இசுரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். கருவி பேசாமல் இருந்தது. பிறகு, டிக். இடைவெளி. டிக். டிக்.

"வருதே மேடம், சத்தம் வருதே."

மேடம் கருவியைச் சுவரில் வைத்தார். டிக். டிக். மேசையில் வைத்தார், தன் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அதே இடைவெளி, அதே சத்தம். மண்ணும் காற்றும்கூட இந்த அளவு கொடுக்கும் என்றார். கதிர் என்பது சாயம் போல ஒட்டிக்கொள்கிற பொருளில்லை. கல் விலகினால் அதுவும் விலகிவிடும். உள்ளறைக்குள் போய்க் கல்லின்மேல் வைத்தார். கடுகு பொரிந்தது. நீட்டிய கையோடு ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார். பொரிவது குறைந்து குறைந்து, அறை வாசலுக்கு வரும்போது வெறும் டிக்காக ஆனது.

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையா?" என்றாள் நிசன்சலா.

மேடம் உடனே ஆமாம் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவள் அவரை நம்பினாள் என்று இசுருவுக்குத் தோன்றியது.

"நான் டாக்டர் இல்லம்மா. எனக்குக் கல்லைத்தான் தெரியும். கல்லு சின்னது. தோலுக்குப் பட்டது வேற, உள்ள போனது வேற. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பிள்ளைக்குப் போனது ரொம்பக் கொஞ்சம். ஆனா கொஞ்சம்னா ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லிர முடியாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. எங்க வச்சிருந்தீங்கன்னு கேப்பாங்க." இசுருவின் பக்கம் திரும்பினார். "இடுப்புலன்னு சொல்லணும்."

கல் உள்ளறையிலேயே ஈயப் பெட்டிக்குள் இருக்கட்டும், கூட்டாளியை வந்து பேசச் சொல் என்றார். விற்பதென்றாலும் அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாதாம். கல் வீட்டுக்கு வராத எந்த ஏற்பாடும் சரி என்றாள் நிசன்சலா. எழுந்தவள் வாசலில் நின்றாள்.

"மேடம், நான் அதை நல்ல வெளிச்சத்துல பார்த்ததே இல்ல. ஒரு தடவை காட்டுங்க."

வேண்டாம் என்று இசுரு சொல்வதற்குள் மேடம் கல்லை மேசையின் தூரக் கோடியில் வைத்து விளக்கைச் சாய்த்திருந்தார். பச்சைக் குமிழின் மேல் வெள்ளைக் கோடு ஓடியது. அவர் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினார். குறுக்கே இன்னொரு கோடு. நான்கு கதிர் நட்சத்திரம். இத்தனை மாதத்தில் இசுருவின் கண்ணில் அது படவே இல்லை. அறைக்கு இந்தப் பக்கம் நின்று, முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

மருத்துவமனையில் இடுப்பில் என்று சொன்னான். மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் நாக்கு ஒரு கணம் முரண்டு பிடித்தது. மூன்று தடவையும் நிசன்சலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இளம் டாக்டர் ஒருவர் கூகுளில் தேடினார், பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிட்டார். வயிற்றில் பசை தடவி, திரையைத் திருப்பிக் காட்டினார்கள். தலை அளவு சரி, இதயம் சரி, முதுகெலும்பு சரி. இதற்கு மேல் பிறந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும். அதுவும் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான். அடுத்தடுத்து வந்து காட்டுங்கள், அவ்வளவுதான் என்றார் பெரிய டாக்டர். அந்த அவ்வளவுதான் என்ற சொல்லை இசுரு திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதில் உறுதி தெரியவில்லை.

மருந்தகத்துக்கு வெளியே நீண்ட பெஞ்சு. நிசன்சலா உட்கார்ந்தாள். அவன் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

"இப்ப பாரு, குதிக்குது" என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் கையை உதறிக்கொண்டான். அந்தக் கை. எத்தனை தடவை கல்லை எடுத்து எடுத்துப் பார்த்த கை. ஒட்டாது என்று மேடம் சுவரிலும் கோப்பையிலும் வைத்துக் காட்டியது அவனுக்கு மறந்துபோகவில்லை. தெரிந்தும் கை பின்வாங்கியது.

அவள் அவனைத் திட்டுவாள் என்று நினைத்தான். திட்டவில்லை.

"போய்க் கழுவிட்டு வா" என்றாள்.

முற்றத்தில் ஒரு குழாய் இருந்தது. யாரோ விட்டுப்போன சவர்க்காரத் துண்டும் இருந்தது. நகக்கண்வரை தேய்த்தான். மறுபடி தேய்த்தான். பின்னால் குடத்தோடு காத்திருந்த ஒரு பெண், தம்பி, தண்ணீரை எங்களுக்கும் கொஞ்சம் விட்டு வை என்றாள். அவன் விலகி, சட்டையில் கையைத் துடைக்கப் போய், அந்தச் சட்டைப் பையிலும் நேற்றுக் காலையில் கல் இருந்ததே என்று நினைத்துத் துடைக்காமலே வந்தான்.

நிசன்சலா பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் விட்டுவைத்த இடம் இப்போது இல்லை. ஈரக் கையை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள், இடப்பக்கம், மேலே.

"ஐஸ் மாதிரி இருக்கு" என்றாள். கையை விடவில்லை.

உள்ளங்கைக்குக் கீழே உருண்டையாக ஒன்று மெதுவாகத் திரும்பியது. மறுபடியும் திரும்பியது. இசுரு கையை அசைக்கவில்லை. அசைத்தால் அதுவும் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருந்தகச் சாளரத்தில் அவர்கள் பெயரை இரண்டாவது தடவையாகக் கூப்பிட்டார்கள்.